நடுவில் நான்

"புதுச் செருப்பு போட்டுக்கிட்டு இந்தப் பாதைக்கு வர்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா. நடுவில் நான்.

வலது பக்கம் ரம் மலை செங்குத்தாக எழுந்து காலை வெயிலில் சிவந்து நின்றது. இடது பக்கம் சரிவு, அதற்குக் கீழே கண்ணுக்கெட்டியவரை மணல். மேலிருந்து உதிர்ந்த பாறைகளுக்குள் புகுந்து புகுந்து போகிறது பாதை. ஆடுகள் போட்ட பாதை. ஆடு மாதிரி நடந்தால்தான் சரிப்படும்.

அப்பா ஒவ்வொரு கல்லையும் அனுமதி கேட்டுக்கொண்டு மிதித்தார். இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி வேறு. முள் பட்டுவிடக் கூடாது என்று அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார், மறு கையில் ஊன்றுகோல்.

என் வீட்டு வாசலில் அவருடைய ஜீப் நிற்கிறது. அதில் ஏறியிருந்தால் இந்நேரம் மலையைச் சுற்றி மாமாவின் கூடாரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அம்மா நடந்து போகிறேன் என்றாள். உடனே அப்பாவுக்கும் நடக்க ஆசை வந்துவிட்டது.

எனக்கு அப்படியொரு ஆசையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லாத ஒரு நாளில் ரொட்டி சுடலாம் என்று மாவு பிசைந்து வைத்திருந்தேன். இருவரும் வாசலில் வந்து நின்று, கிளம்பு என்றார்கள். கணவரிடம் மாவை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வழியெல்லாம் பேச்சுதான். அகபாத் துறைமுகத்தில் மீன் தின்றே அப்பாவுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது என்றாள் அம்மா. உன் கை ரொட்டி கிடைத்திருந்தால் மீனை யார் தொடுவார்கள் என்றார் அப்பா. முன்பெல்லாம் இந்த மலை இவ்வளவு நீளம் கிடையாது என்றும் ஒரு குறை சொன்னார். மலை அப்படியேதான் இருக்கிறது, மூச்சுதான் குட்டையாகிவிட்டது என்றாள் அம்மா. இரண்டு பேருடைய வார்த்தையும் என் தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது.

ஓரிடத்தில் பாதையை மறித்து ஒரு பெரிய பாறை கிடந்தது. குளிர்கால மழையில் இறங்கியது போலிருக்கிறது. அம்மா நின்றாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

அப்பா எங்களைத் தாண்டிப் போனார். புதுச் செருப்பு வழுக்க வழுக்க எப்படியோ தொற்றி ஏறி, மேலே நின்று கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அப்பாவும், யாருடைய கை இது என்பது போல அதையே பார்த்தார்.

பிறகு கையை இழுத்துக்கொண்டு ஊன்றுகோலை நீட்டினார். அம்மா அதன் மறுமுனையைப் பிடித்து ஏறினாள். ஏறிய பிறகும் கோலை விட மறந்து கொஞ்ச நேரம் நின்றாள். அவரும் இழுக்கவில்லை.

என்னை யாரும் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன்.

மலை நீர் கசியும் ஊற்றருகே, அத்திமர நிழலில் அம்மா சுள்ளி மூட்டித் தேநீர் போட்டாள். புதினா கிள்ளி வந்து கொடுத்தேன். அப்பா நெருப்பைப் பார்த்தபடி, "லாரியை வித்துட்டேன்" என்றார்.

அம்மா சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு கை போட்டாள். அதற்கு மேலும் ஒரு கை. பாகு போலிருந்த அந்தத் தேநீரை அப்பா முகம் சுளிக்காமல் குடித்து, இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்.

அங்கிருந்து அம்மா வேகமாக நடந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

சப்பாஹ் மாமா கூடாரத்துக்கு வெளியே வந்து வரவேற்றார். அம்மாவின் தம்பி. தாத்தா போன பிறகு குடும்பத்துக்கு மூத்த ஆண் அவர்தான். அம்மாவும் நானும் பெண்கள் பகுதிக்குப் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இடுக்கு வழியே பார்த்தோம். மாமா சின்னக் கோப்பையில் காபி ஊற்றி அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா குடிக்கவில்லை. கோப்பையைத் தரையில் வைத்தார்.

எங்கள் பாலைவன வழக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதையோ கேட்டு வந்திருக்கிறார். தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் குடிப்பார். இல்லையென்றால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

"என்ன வேணும், சொல்லுங்க மச்சான்."

அப்பா தொண்டையைச் செருமினார். "உங்க அக்காவைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

மாமா காபிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியுமா?" என்றார்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த வயதில் அவர்கள் விவாகரத்தாகி விலகினார்கள். துறைமுகத்தில் லாரி ஓட்ட அப்பா கிளம்பினார். மலையை விட்டு வரமாட்டேன் என்றாள் அம்மா. இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. இரண்டு பேருமே வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை.

அப்படிப்பட்டவர்கள் ஆளில்லாத பாதையில் தனியாக நடந்து வர முடியுமா? ஊர் என்ன சொல்லும்? துணைக்கு ஒரு பெரிய மனுஷி வேண்டாமா?

"அக்கா, நான் என்ன சொல்லட்டும்?" மாமா திரையைப் பார்த்துக் கேட்டார்.

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறித் திரும்பினேன். முக்காட்டு நுனியை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அடக்கி முடித்ததும் குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"காபி ஆறுது சப்பாஹ். குடிக்கச் சொல்லு."