சைபர்

ஐந்து மணிக்கு வேன் வந்துவிடும்.

அரங்கின் மாடி அலுவலகத்தில் மார்லீன் கோல் கணக்கு எழுதிய ஆட்டத்தாள்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தோரு வருஷத்து ஐஸ் ஹாக்கி. இரண்டு கோப்பை, ஒரு தீ விபத்து, மூன்று முதலாளிகள். ஊர்ச் சுரங்கத்தில் ஆட்குறைப்பு வந்ததும் அரங்கில் கூட்டம் குறைந்தது. போன மாதம் ஆந்தைகள் அணியையே ஊற்றி மூடியாகிவிட்டது. கீழே யாரோ இருக்கைகளைக் கழற்றும் சத்தம் விடாமல் கேட்டது.

பெட்டிகள் லீக் தலைமையகத்துக்குப் போய்விட்டால் அவற்றில் ஒரு புள்ளியைக்கூட யாராலும் மாற்ற முடியாது.

எல்மர் பெக் கோட்டைக் கழற்றாமல் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாள்களில் முக்கால்வாசி அவருடைய கையெழுத்து. எந்தக் கோல் யாருடையது என்று எழுதுவது அவர் வேலை. நடுவர் என்ன சொன்னாலும் கடைசியில் எல்மர் எழுதியதுதான் கோல்.

மடியில் ஒரு திருத்தப் படிவம். அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்நாளில் ஆந்தைகள் அணியில் ஆடிய ஓரெஸ்ட் வந்து போட வேண்டும். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஓரெஸ்ட் பெயரில் எழுதிய ஒரு கோல், எல்மரின் மகன் டேரன் பெயருக்கு மாற வேண்டும்.

ஆந்தைகளுக்காக டேரன் ஆடியது பதினோரு ஆட்டம். கோல் என்ற கட்டத்தில் ஒரு சைபர்.

இந்த வருஷம் பிப்ரவரியில், பனிப்புயலில், நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. எல்மருக்கு இனி வேறொன்றும் வேண்டாம். அந்தச் சைபர் மட்டும் போனால் போதும்.

அந்தக் கோல் விழுந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. வலைக்கு வெகு தூரத்தில், பனித்தளத்தில் போட்ட நீலக்கோட்டிலிருந்து டேரன் விளாசினான். வலைக்கு முன்னால் ஓரெஸ்ட் மட்டையை நீட்டியபடி நின்றிருந்தான். கோல் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அணிக்காகத் தன் முதல் கோலை அடித்தவனுக்கு, பந்துக்குப் பதிலாக ஆடும் அந்த ரப்பர் வட்டையே எடுத்துக் கொடுத்துவிடுவது வழக்கம். அணித்தலைவன் குனிந்து எடுத்து டேரன் கையில் திணித்தான். டேரன் அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஓரெஸ்டின் பெயர் வந்தது. கடைசியாக யார் மட்டையில் பட்டதோ அவனுக்குத்தானே கோல்.

டேரன் தானே சறுக்கிப் போய் வட்டை நடுவரிடம் கொடுத்தான். ஆட்டம் நடக்க வேண்டுமே.

ஓரெஸ்டின் மட்டையில் உரசியது என்று எல்மர் ஊரில் சொன்னார். மனைவியிடமும் அதையேதான் சொன்னார். பெற்ற பிள்ளைக்கே சலுகை காட்டாத மனுஷன் என்று ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அந்த வருஷமே டேரன் ஆட்டத்தை விட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான். வான்கோழியை அறுத்துப் பரிமாறுவான், அம்மாவோடு நின்று பாத்திரம் துடைப்பான், போய்விடுவான். ஹாக்கியைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டான். மகனுக்குத் தன்மேல் தீராத கோபம் என்று எல்மர் நினைத்தார். கோபப்படட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு என்றும் நினைத்தார். அந்த நினைப்போடுதான் பதினேழு வருஷத்தை ஓட்டினார்.

நாலே முக்காலுக்கு ஓரெஸ்ட் வந்தான். பூட்ஸெல்லாம் சேறும் பனியும்.

"என்ன பெரியவரே, கடைசி நாள்லயும் பேனாவ விடமாட்டீங்களா? நான் அடிச்சதே அறுபத்திரண்டு. அதுலயும் ஒண்ணப் பிடுங்கணுமா?"

சொல்லும்போதே அவன் சிரிப்பு அணைந்துபோனது. நின்றபடியே கையெழுத்துப் போட்டான்.

எல்மருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொல்லக் கிளம்பினேன். என் மட்டைல படவே இல்ல. டேரன்தான் விடல," என்றான் ஓரெஸ்ட்.

"விடலையா?"

"மறிச்சுக்கிட்டு நின்னான். 'உனக்கே தெரியாம உரசியிருக்கும்டா. எங்கப்பா எழுதினாருன்னா பட்டிருக்கும், அவரு கண்ணு தப்பாது'ன்னான். போன அக்டோபர்ல வாத்து வேட்டைக்குப் போனப்பகூட அதேதான் சொன்னான். 'என் அடி நேரா வெளியதான் போயிருக்கும், உன் மட்டைதான் திருப்பி விட்டுச்சு. எனக்கு இந்த ஆட்டம் வராதுன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது'ன்னு. கோவம்லாம் கிடையாது எல்மர். உங்கமேல அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு."

ஆறுதல் சொல்லிவிட்ட நிம்மதியில் ஓரெஸ்ட் அவர் தோளைத் தட்டினான்.

எல்மரால் அந்தக் கையைத் தாங்க முடியவில்லை.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மார்லீன் படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எல்மர், தப்பா எழுதினதுக்குக் காரணம் என்னன்னு கேட்டிருக்கே. 'சரியாகத் தெரியவில்லை'ன்னு போட்டுரட்டுமா?"

"குடு. நானே எழுதறேன்."

அன்றைக்கு அவருக்கும் வலைக்கும் நடுவில் ஓர் ஆள்கூட இல்லை. வட்டு ஓரெஸ்டின் மட்டைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் வலையில் விழுந்தது. தாளில் அவர் டேரன் என்றுதான் முதலில் எழுதினார். பின்வரிசையில் எவனோ, "அப்பன் கையில பேனா, மகனுக்கு என்ன குறைச்சல்!" என்று சிரித்தான். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். எல்மர் அந்தப் பெயரை அழித்து ஓரெஸ்ட் என்று எழுதிவிட்டார்.

இரண்டாவது முறை ஹாரன் அடித்தது.

காரணம் என்ற இடத்தில் எல்மர் எழுதினார்: "எனக்கு நன்றாகத் தெரிந்தது."