குட்டிகள் ஓடிய பக்கம்

இடுப்பளவுக் கடலில் பாசி பறித்துக்கொண்டிருந்த லூர்தம்மாளின் கால்களை உரசிக்கொண்டு பால்சுறாக் குட்டிகள் ஓடின. முழ நீளம்கூட இல்லாத குட்டிகள். தாய்ச்சுறாக்கள் ஆழமில்லாத இந்தக் கரையோரம் வந்துதான் ஈனும்; குட்டிகள் வளரும்வரை இங்கேயே இரை தேடித் திரியும். அவளுக்கு அவை புதிதல்ல. ஆனால் இன்று அத்தனையும் கரையைப் பார்த்தே ஓடின. சில மணலில் ஏறித் துள்ளின; தண்ணீருக்குத் திரும்பவில்லை. எதற்குப் பயந்து ஓடுகின்றன என்று அவள் ஆழத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குட்டிகளைத் தின்னப் பெரிய சுறா வரும். நாத்தனார் சகாயமேரி பாறைக்கு அப்பால் ஆழத்தில் முங்கியிருந்தாள்.

சகாயமேரி கை நிறையப் பாசியோடு மேலே வந்தாள். “இங்க குமிஞ்சு கெடக்கு மதினி!” அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஒருமுறை புடைத்து அடங்கியது. கத்தினால் பதறிக் கைகால் அடிப்பாள். அந்தச் சத்தத்துக்கே அது வந்துவிடும். லூர்தம்மாள் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

“பாசிய விட்டுட்டு மெள்ள வா சகாயம். ஒரு சேதி சொல்லணும்.”

“அங்கேருந்தே சொல்லு.”

“காதுலதான் சொல்லணும்.”

“மாசமா இருக்கியா மதினி?” சகாயமேரியின் முகம் மலர்ந்தது.

“வா, சொல்லுறேன். தண்ணிய அலம்பாம வா.”

சகாயமேரி பாசியைக் கைவிட்டு, தண்ணீரை மெல்ல விலக்கி வந்தாள். லூர்தம்மாள் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசிக் குட்டியும் தொடையில் இடித்துக் கரைக்கு ஓடியது. லூர்தம்மாள் கையை நீட்டிக்கொண்டு, ஆழத்தை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.