நேர்மை வகுப்புக்கு ஒரு தப்பு

எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும் இதழினி, நேர்மை வகுப்பில் மட்டும் பூஜ்யம் வாங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும், தான் செய்த ஒரு தப்பைச் சொல்லி வருந்த வேண்டும். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் மேசை விளக்கு சிவந்துவிடும். வருத்தத்துக்கு டீச்சர் மதிப்பெண் போடுவார்.

“நான் எந்தத் தப்பும் பண்ணலையே, எதைம்மா சொல்றது?” என்று அழுதாள்.

அம்மா சுகந்திக்கு மனசு கேட்கவில்லை. மகளைக் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போனாள். “நான் கடைக்காரர்கிட்ட பேச்சுக் கொடுக்கிறேன். நீ ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில போட்டுக்கோ.”

“பாவம்மா அவரு!”

“அதையேதான் வகுப்புலயும் சொல்லப் போறே. எடுடி.”

இதழினி எடுத்துப் பையில் போட்டாள். வீடு வரும்வரை விசும்பினாள். வெள்ளிக்கிழமை அதே விசும்பலோடு வகுப்பில் சொன்னாள். முழு மதிப்பெண் கிடைத்தது. சுகந்தி கேசரி கிண்டினாள்.

அடுத்த வாரம் சுகந்தி மறுபடி பையை எடுத்தாள். “வாடி, கடைக்குப் போலாம்.”

“வேண்டாம்மா. இந்த வாரத்துக்கு நானே பண்ணிட்டேன்” என்றாள் இதழினி, எழுதிக்கொண்டிருந்த வீட்டுப்பாடத்திலிருந்து நிமிராமல். “என் ஃப்ரெண்டு ஜெஸ்லினுக்குப் பாட்டுப் போட்டி இருந்துச்சில்ல? தேதியை மாத்திச் சொல்லிட்டேன். அவ போகவே இல்லை. நேத்திலேர்ந்து அழுதுட்டே இருக்கா.”

சுகந்தி பையைக் கீழே வைத்தாள். மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணில் பொட்டு ஈரமில்லை.

“உனக்கு அழுகை வரலையாடி?”

“வகுப்புல வந்துடும்மா.”