குடும்பத்தினருக்கு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு சர்ச். அந்தச் சர்ச்சிலே மைக்கே வேண்டாத ஒரே ஒரு குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை எல்லாரும் வெண்கல அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. முதல் அடியை அவர் பாடினால் போதும், பிரசங்கத்தில் தூங்கிப்போனவர்கூட எழுந்து நின்று பாடிவிடுவார். அப்படி ஒரு பழக்கம்.

"அக்கா, இன்னிக்கு நீங்கதான் சொல்லணும்," என்றார் சபைச் செயலாளர். ஆராதனை தொடங்க இருந்தது. "என் குரல் மூணாவது பெஞ்சைத் தாண்டாது."

"என்னன்னு சொல்லணும்?"

"இவருக்குக் குருப்பட்டம் கொடுக்க யாருக்காவது தடை உண்டான்னு பிஷப் கேப்பார். ஒருத்தர் எழுந்து உண்டுன்னு சொன்னா போதும். அத்தோட நின்னுடும்."

பட்டம் வாங்க இருந்த இளைஞன், ஊருக்கெல்லாம் தம்பி, தானாகவே போய்த் தேர்வுக் குழுவிடம் சொல்லியிருந்தான். எனக்கு ஆண்கள் மேல்தான் காதல் வரும், ஒரு நர்ஸோடு ஒரே வீட்டில் வாழ்கிறேன், அவரும் ஆண்தான், அதை மறைத்துக்கொண்டு பீடத்தில் நிற்க மனசு வரவில்லை என்று. குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டு, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அவனை ஏற்றுக்கொண்டது.

"வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அக்கா.

"அதுதான் திமிருங்கறேன். வேதத்துல கூடாதுன்னு எழுதியிருக்கா இல்லையா?"

"எழுதியிருக்கு." அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "சரி, நான் சொல்றேன்."

முன் வரிசைப் பெஞ்சில் 'குடும்பத்தினருக்கு' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெஞ்சு காலி.

"குடும்பத்தார் எழுந்து நின்று இவரை ஒப்புக்கொடுங்கள்," என்றார் பிஷப்.

அப்பா வரவில்லை. அம்மா, தங்கை யாரும் வரவில்லை. முழங்காலில் இருந்த தம்பி திரும்பிப் பார்க்கவும் இல்லை. காது மட்டும் சிவந்தது.

கடைசிப் பெஞ்சில் உயரமாய் ஒருவன், அந்த நர்ஸ், பாதி எழுந்தான். நாலு பேர் திரும்பிப் பார்க்கவும் உட்கார்ந்துவிட்டான்.

பிஷப் கனைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். "இவருக்குப் பட்டம் கொடுக்க யாருக்காவது தடை உண்டா?"

அக்கா எழுந்தார். செயலாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா காலிப் பெஞ்சைப் பார்த்தார். கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

பாட்டு வந்தது.

சபை மொத்தமும் எழுந்து நின்று பாடியது. செயலாளரும் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடி, பாதிப் பாட்டுவரை பாடிவிட்டுத்தான் சுதாரித்தார். அதற்குள் பட்டம் கொடுக்கும் பிஷப்பின் கை தம்பியின் தலைமேல் இருந்தது.

"இப்படிக் கவுத்துட்டீங்களே அக்கா," என்றார் செயலாளர், எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது.

"சொல்லத்தான் எழுந்தேன் ஐயா. தடை சொல்ல நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன், பாதி சபை இருக்கு. அந்தப் பிள்ளைக்காக எழுந்து நிக்க ஒரு ஆள் இல்லையே. மனசு கேக்கல."

"அப்போ வேதம்?"

"வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை படிக்கறேன்."

செயலாளர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சர்ச் காலியானது. தம்பி அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வருவதற்காக, அந்த நர்ஸ் மட்டும் கடைசிப் பெஞ்சில் காத்திருந்தான்.

அக்கா முன் வரிசைக்குப் போய், அந்தக் காகிதத்தைக் கிழியாமல் உரித்தார். கொண்டுவந்து அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒட்டினார். பசை பிடிக்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

"இனிமே பாதியில உக்காராதேப்பா," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு வெளியே நடந்தார்.