காரை ஓட்டியது ஆரு?

“நீ ஓட்டல்ல எண்டா, உன்ட காரை ஓட்டினது ஆரு, அல்பேட்?”

வழக்குப் பேசும் பிறக்கிராசி தங்கராசா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பீற்றிஸ் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கல்லடியில் மாட்டுவண்டியொன்றை மோதியதற்காக அல்பேட்டின் கார் ஓட்டும் லைசனை நீதிமன்றம் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்திருந்தது. அன்று தொட்டு அவனுடைய வாடகைக் கார் வீட்டு வளவுக்குள்தான் கிடந்தது. வயிற்றுப்பாட்டுக்காக அவன் தினமும் கொக்கட்டிச்சோலைக்குப் போய் அண்ணன் யாக்கோப்போடு வயல் வேலை செய்துவிட்டு, பொழுதுபடத் திரும்பிவிடுவான். இப்படியிருக்க, ஆரையம்பதியில் கார் ஓட்டினான் என்று வழக்கு வந்திருக்கிறது.

“ஐயா, அண்டைக்கு முழுக்க நான் அண்ணன்ட வயல் வட்டையிலதான் நிண்டனான். கார்ப் பக்கமே போகல்ல.”

“அண்ணன் சாட்சி சொன்னா, தம்பிக்காகச் சொல்லுறான் எண்டுதான் நினைப்பாங்க. பொலிஸ்காரர் என்ன சொல்லுறார் தெரியுமா? கை காட்டியும் கார் நிக்கல்லயாம். தொப்பி போட்ட ஆள்தான் ஓட்டினதாம். பக்கத்தில ஒரு பொம்பிளயாம், உன்ட பொஞ்சாதியாத்தான் இருக்கணும் எண்டுறார்.”

அல்பேட் மெல்லத் திரும்பிப் பீற்றிஸைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“வழக்குப் பேசினா ஓட்டினவன் ஆரெண்டு கோட்டில வெளியில வரும். பேசாம ஒத்துக்கொண்டா மறியலுக்குள்ள கிடக்கணும். யோசிச்சுச் சொல்லு,” என்றார் பிறக்கிராசி.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசல் படலையைச் சாத்தியதும் அல்பேட் கார்ச் சாவியைப் பற்றிக் கேட்டான்.

“கார்த் திறப்பு உன்னட்டத்தானே இருந்த. ஆருக்குகா குடுத்த?”

“ஒருத்தருக்கும் குடுக்கல்ல.”

“வின்சன்றுக்கா?”

வின்சன்ற், வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் அவனோடு நின்று ஹயர் ஓடியவன். எப்போதும் சிரித்த முகம். தொப்பியில்லாமல் தெருவில் இறங்கமாட்டான். ஒருநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது பீற்றிஸைப் பார்த்து, “சுகமா அக்கா?” என்று கேட்டிருந்தான். அந்த ‘அக்கா’வை அல்பேட் பல நாளாக மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறான்.

“சொல்லு. அவன்தானே?”

பீற்றிஸின் முகம் சிவந்தது. “இஞ்ச என்ன சொன்னாலும் நீங்க நம்பப்போறல்ல. கோட்டில வேதத்தில கை வச்சுச் சொல்லுறன். அங்க கேட்டுக்கொள்ளுங்க.”

அதற்குப் பிறகு அவன் வயலுக்குப் போகவில்லை. மீன்காரனின் குரல் கேட்டால் அவளுக்கு முன்னே படலைக்கு ஓடினான். ஒரு பின்னேரம் வின்சன்றைத் தேடிப் போனான்.

“ஆரையம்பதிப் பக்கம் ஓட்டமோ?”

“அங்க எனக்கென்ன வேலை அண்ணன்?” என்று வின்சன்ற் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அல்பேட் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தான்.

ஊர் சிரிக்க நிற்பதைவிடக் குற்றத்தை ஒத்துக்கொண்டு மறியலுக்கே போய்விடலாம் என்று ஒருநாள் நினைத்தான். ஆனால் தான் உள்ளே கிடந்தால் பீற்றிஸ் வெளியே தனியே இருப்பாளே! அந்த எண்ணம் வந்த கையோடு பிறக்கிராசியிடம் ஓடி, வழக்குப் பேசச் சொன்னான்.

வழக்குத் தவணையன்று நீதிமன்றம் நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் வின்சன்றும் ஒருவன். தொப்பியை மடியில் வைத்திருந்தான்.

பொலிஸ்காரர் தான் கண்டதைச் சொன்னார். அடுத்துப் பீற்றிஸ் சாட்சிக்கூண்டில் ஏறி, வேதத்தில் கை வைத்தாள். குற்றவாளிக் கூண்டின் கம்பியை அல்பேட் இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அண்டைக்கு அந்தக் காரில இருந்தீங்களா?” என்று பிறக்கிராசி கேட்டார்.

“ஓம்.”

“ஓட்டினது ஆரு?”

“நான்தான்.”

மண்டபம் சலசலத்தது. பீற்றிஸ் கைப்பையைத் திறந்து புத்தம்புது லைசனை எடுத்து நீட்டினாள்.

“இவர் வயலுக்குப் போன நேரம் கை பழக ஆரையம்பதி வரைக்கும் போனன். பொம்பிள ஓட்டுறதெண்டா சனம் கூடிருமெண்டு இவர்ர தொப்பியப் போட்டன். அங்க றோட்டோரத்தில இலட்சுமிப்பிள்ளை எண்ட மனுசி பிள்ளைப்பேத்து நோவில துடிச்சிக்கிட்டிருந்தா. ஏத்திக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினன். அதுதான் கை காட்டியும் நிறுத்தல்ல.”

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள். பொலிஸ்காரர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, “ஓம், பக்கத்தில இருந்தது இவதான்,” என்றார்.

வழக்குத் தள்ளுபடியானது. அல்பேட்டுக்கு மூச்சு வந்தது. லைசனைத் திருப்பிக் கொடுத்த நீதவான் புன்னகையோடு, “உங்களுக்குக் கார் ஓட்டப் பழக்கியது யார்?” என்று கேட்டார்.

வந்த மூச்சு அப்படியே நின்றது. அல்பேட்டின் கண் நேரே வின்சன்றிடம் போனது.

“லைசன் தந்த ஐயாவும் இதைத்தான் கேட்டவர். என்ட மனுசன்தான் எண்டு சொன்னன்,” என்றாள் பீற்றிஸ். “கலியாணம் முடிச்ச நாள் தொட்டு என்னை வீட்டில தனிய விடப் பயந்து, ஒவ்வொரு ஹயருக்கும் பக்கத்தில இருத்திக்கொண்டு போவார். வெளியால பாத்தா, ‘ஆரைப் பாக்கிற?’ எண்டு கேப்பார். அதால இவர்ர கையையும் காலையும்தான் பாத்துக்கொண்டு வந்தன்.”