கொம்பில் கொய்யா

இந்த விடுகதைக்குப் பதில் சொல்லுங்கள்: கழற்ற முடியாததைக் கழற்றிவிட்டு வா என்று சட்டம் போட்டால், தண்ணீர் குடிக்க யார் வருவார்கள்?

ஒரே குளத்துக்காக ஆடுகளும் எருமைகளும் வெகுநாள் முட்டிக்கொண்டன. கடைசியில் சமாதானமாகி, சட்டம் போடும் வேலையை ஆமையிடம் கொடுத்தன.

"கொம்புகளைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும்" என்றது ஆமை.

இரண்டு நாள் யாரும் இறங்கவில்லை. எல்லாருக்கும் நாக்கு வறண்டது.

"ஆமையண்ணே, முதலில் நீங்கள் உங்கள் ஓட்டைக் கழற்றிக் காட்டுங்களேன்" என்றது தாய் ஆடு.

ஆமை முக்கி முனகிப் பார்த்தது. பிறகு சட்டத்தைத் திருத்தியது.

"சரி தாயே, கரையில் கொய்யா மரம் இருக்கிறது. ஒவ்வொரு கொம்பு நுனியிலும் ஒரு பழத்தைக் குத்திக்கொண்டு இறங்குங்கள்!"

எல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கின. ஆட்டுக்குட்டி மட்டும் பெரிய எருமையிடம் போய், அதன் ஒரு கொம்பிலிருந்த கொய்யாவைத் தின்றுவிட்டது. கூர்நுனி வெளியே தெரிந்தது.

"ஓடி வந்துடுடி!" என்று தாய் ஆடு கத்தியது.

எருமை மெல்லத் தலையைத் தாழ்த்தியது.

குட்டி அடுத்த கொம்பின் கொய்யாவையும் தின்றது.