தூண் பக்கத்துப் புள்ளிகள்

பெரியப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

அவள் அதைச் சரிசெய்யவில்லை.

கம்ப்யூட்டரில் படத்தை நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். மீசை ஒரு கட்டம். நெற்றித் திருநீறு ஒரு கட்டம். மணவறையில், செத்துப்போன அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். அந்தக் கம்பீரம் எந்தக் கட்டத்திலும் தங்கவில்லை.

போதும் அவருக்கு.

அவளுடைய கல்யாண கேசட் அது. நாளைக்குப் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். மண்டபத்தில் பெரிய திரை கட்டி ஓட்டப் போகிறார்கள். உறவில் யார் வீட்டுக் கேசட்டாக இருந்தாலும் டிஸ்க்காக மாற்றித் தருகிறவள் அவள்தான். என்னென்ன வேண்டும் என்று பெரியப்பா மகன் சங்கரலிங்கம் போனிலேயே சொல்லிவிட்டான்.

"ஒரே டிஸ்க்ல அடக்கிருங்கக்கா. அப்பா தாரை வாக்கிறது பளிச்சுனு வரணும். தூண் பக்கம் இருட்டா, புள்ளி புள்ளியா வருதுல்லா, அதை வெட்டிருங்க. பொறவு, நாளைக்கு நீங்க படம் ஓட்டுற மிஷின் பக்கத்திலேயே இருந்துக்கிடுங்க. மேடைக்கெல்லாம் ஏறி அலைய வேண்டாம்."

அக்கறையாகத்தான் சொன்னான்.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த அக்கறைக்குக் குறைவே இல்லை.

அம்மாவிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உக்கிராணத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அம்மா உள்ளே சாமான் அறையில் தேங்காய்க்கும் சீனி மூட்டைக்கும் காவல் இருந்தாளாம். செண்பகத்தை எங்கே என்று மேடையில் ஒருவரும் அம்மாவைத் தேடிக் கேட்கவில்லை. அம்மாவும் சாகிறவரைக்கும், நான் உக்கிராணத்தை விட்டு அசையவில்லை என்றுதான் சொன்னாள்.

இன்று காலைவரை அவளும் அதை நம்பினாள்.

பழைய கேசட் படத்தில் மணலைத் தூவினதுபோல் புள்ளிகள் ஆடும். அதைத் துடைக்க மென்பொருளில் ஒரு வசதி உண்டு. புள்ளியாக எது தெரிந்தாலும் அழுக்கென்று எடுத்துவிடும். முகமெல்லாம் வழவழவென்று ஆகிவிடும், பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம். எப்போதும் முதல் வேலையாக அதைத்தான் செய்வாள். இன்றைக்கும் செய்தாள். துடைத்த படத்தையும் துடைக்காத படத்தையும் அக்கம்பக்கம் வைத்து ஓடவிட்டாள்.

தாலி கட்டுகிற நேரம்.

விளக்குப் பிடிக்கிறவன் இடம் மாறினான். வெளிச்சம் தூணைத் தொட்டுவிட்டுப் போனது.

துடைத்த படத்தில் தூண் இருந்தது. தூணோரம் ஒரு சேலைத் தலைப்பு.

துடைக்காத படத்தில் அதே தலைப்புக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது.

கையிலிருந்து புள்ளிகள் கிளம்பின. மற்ற புள்ளிகளெல்லாம் இருந்த இடத்திலேயே மினுங்கிக்கொண்டிருந்தன. இவை மட்டும் மேடையைப் பார்த்துப் பறந்தன.

மஞ்சளாக.

அட்சதை.

எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாளோ. கையைக் கண்டாள், வளையல் இல்லாத மணிக்கட்டைக் கண்டாள், தூணைத் தாண்டி எட்டிப்பார்த்த அம்மாவின் பாதி முகத்தைக் கண்டாள். அழுகைதான் வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து, அம்மா போட்ட அட்சதையை அழுக்கென்று எடுத்துப் போடுகிறது ஒரு யந்திரம்.

துடைக்கிற வசதியை அணைத்தாள்.

துடைக்காத படம் இடத்தை விழுங்கும். ஒரு டிஸ்க்கில் இவ்வளவுதான் கொள்ளும். ஓரிடத்தில் அள்ளிக் கொடுத்தால் இன்னோரிடத்தில் கைவைத்தாக வேண்டும். கைவைத்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

வைத்தாள். தாரை வார்க்கிற இடத்தில்.

கொஞ்சம் கூடுதலாகவே எடுத்தாள். அவ்வளவு எடுக்கத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். எடுக்க வேண்டும்போல் இருந்தது, எடுத்தாள்.

தூண் வருகிற இடத்தை மட்டும் மெல்ல ஓடும்படி வைத்தாள். கை நிதானமாக உயர்ந்தது. ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகப் பறந்தது.

டிஸ்க் எழுதி முடிந்து, தட்டு வெளியே வந்தது. சூடாக இருந்தது. ஆறட்டும் என்று விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

நாளைக்கு மண்டபத்தில் அட்சதைத் தட்டு எல்லாரிடமும் வரும். அவளிடம் வரும்போது மட்டும் தட்டு வைத்திருப்பவர்களுக்கு எங்கிருந்தோ ஓர் அவசரம் வந்துவிடும். போன கல்யாணத்தில் பார்த்தாயிற்று. அதற்கு முந்தின கல்யாணத்திலும்.

அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டினாள். நுனி உடைந்ததை ஒதுக்கினாள். மஞ்சள்பொடி தூவி, சொட்டு நெய் விட்டுப் பிசைந்தாள்.

பிசைந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சங்கரலிங்கம். மஞ்சள் விரலாலேயே எடுத்தாள்.

"டிஸ்க் ரெடியாக்கா?"

"ரெடி," என்றாள். "மிஷின் பக்கத்துல இருக்கிறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ, தம்பி."